தட்டைப் பாதம்: பயிற்சியும் கைமுறைச் சிகிச்சையும் அவற்றைச் சொல்லும் தமிழும்

மொழி குறித்த பொதுச் சொற்பொழிவு வரிசையில் பாதத்தைப் பற்றிய ஓர் உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கணம், இலக்கியம், கல்வெட்டு, அகராதி ஆகியனவே இவ்வரிசைக்கு உரியன என்று கருதுவோர் உளர். ஆயினும் ஒரு மொழி வாழ்கின்றதா என்பதை அறிய விழா மேடையை மட்டும் பார்த்தல் போதாது. நோயுற்றவர் தம் வலியை அம்மொழியில் சொல்ல முடிகின்றதா, அதற்குரிய அறிவுரையை அம்மொழியில் கேட்டு அதன்படி செய்ய முடிகின்றதா என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும். இந்நோக்கில், இளையரிடையே பெரிதும் பேசப்படும் தட்டைப் பாதத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இது குறித்த அச்சம் பரவலானது. பள்ளியில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பின் பாதம் நோகும் மாணவரும், தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனையை எதிர்நோக்கும் இளையரும், அவர்தம் பெற்றோரும் இதனைப் பற்றிக் கேட்டறிய விழைகின்றனர். இரண்டாவது, இதற்கான சிகிச்சையின் பெரும்பகுதி சொல்லாலேயே நடைபெறுகின்றது. இங்கு முதன்மையான மருந்து மாத்திரையன்று. சொல்வதைக் கேட்டு உடல் செய்யும் அசைவே மருந்து. சொல் தெளிவாக இல்லையெனில் அசைவும் தவறிப்போகும். ஆதலின் இஃது இயன்முறைச் சிகிச்சையாளர்க்கு மட்டுமன்றி மொழியாசிரியர்க்கும் உரிய பொருளாகின்றது.

1. 'கால்' என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் 'கால்' என்பது இடுப்பிற்குக் கீழே தொடங்கி விரல்நுனி வரை நீளும் உறுப்பு முழுவதையும் குறிக்கும். தரையில் படியும் அடிப்பகுதியை மட்டும் குறிக்கவும் வரும். 'நீண்ட கால்களை உடையவர்' என்னும்போது முதற்பொருளையும், 'காலில் முள் தைத்தது' என்னும்போது இரண்டாம் பொருளையும் கொள்கின்றோம். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள. நம் அண்டைமொழியாகிய மலாயில் 'காக்கி' என்னும் சொல் தமிழைப் போலவே இரண்டையும் தழுவி நிற்கின்றது. இஃது எம்மொழிக்கும் குறையன்று. அன்றாட உரையாடலில் சூழலே பொருளை வரையறுத்துவிடும்.

மருத்துவ அறையில் நிலைமை வேறு. 'கால் வலிக்கிறது' என்று ஒருவர் கூறினால், வலி முழங்காலிலா, கணுக்காலிலா, குதிகாலிலா, உள்ளங்காலிலா என்பது விளங்காது. இக்குறையைத் தீர்க்கும் சொற்கள் தமிழில் ஏற்கெனவே உள. தரையில் படிவது உள்ளங்கால், அதன் மேற்பரப்பு புறங்கால், பின்முனை குதிகால், இருபுறமும் எலும்பு புடைத்து நிற்கும் மூட்டு கணுக்கால், முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் திரண்டிருப்பது கெண்டைக்கால் தசை. விரல்களுக்குச் சற்றுப் பின்னே உடல் எடையைத் தாங்கும் பகுதியை முன்பாதம் எனலாம். இவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே வழங்கும் சொற்கள். ஆயினும் இன்றைய மாணவர் பலர் இவற்றைக் கேட்டிருப்பினும் தாமே எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

இரண்டு சொற்களில் மட்டும் தனிக் கவனம் தேவை. ஒன்று, 'உள்' என்பது. தமிழர்க்கு உள்ளங்கால் என்றால் அடிப்பரப்பு. மருத்துவ நூலோ 'பாதத்தின் உட்புறம்' என்று, மற்றொரு காலை நோக்கியிருக்கும் பக்கத்தைக் குறிக்கின்றது. ஆகவே 'உள்வளைவை உயர்த்துங்கள்' என்று கூறினால் கேட்பவர் எப்பகுதியை உயர்த்துவது என்று தடுமாறுவார். 'பெருவிரல் பக்கம்', 'சுண்டுவிரல் பக்கம்' என்று கூறிவிட்டால் ஐயத்திற்கு இடமே இல்லை.

மற்றொன்று, 'நரம்பு' என்பது. பேச்சுவழக்கில் தசைப்பிடிப்பு ஏற்பட்டாலும் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கின்றோம்; புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு எனப்படும்; குதிகாலின் பின்னே கயிறுபோல் தென்படும் நாணும் நரம்பு எனப்படும். மருத்துவத்தில் நரம்பு என்பது உணர்வையும் கட்டளையையும் கடத்துவது மட்டுமே. எனவே இவ்வுரையில் தசையை எலும்போடு இணைப்பதைத் தசைநாண் என்றும், எலும்பை எலும்போடு பிணைப்பதைப் பிணைநார் என்றும் வழங்குகின்றோம்.

2. வில்லும் நாணும்

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள. இவ்வெலும்புகள் தட்டையாக அடுக்கப்படாமல் வளைவாக அமைந்துள்ளன. பெருவிரல் பக்கத்தில் குதிகாலிலிருந்து முன்பாதம் வரை செல்லும் நெடுக்கு வளைவு ஒன்று. சுண்டுவிரல் பக்கத்தில் அதனினும் தாழ்ந்த நெடுக்கு வளைவு ஒன்று. இவ்விரண்டிற்கும் குறுக்கே செல்லும் வளைவு ஒன்று. தட்டைப் பாதம் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் பெருவிரல் பக்க வளைவு தாழ்ந்திருப்பதையே குறிக்கின்றோம்.

இவ்வளைவைக் கற்கட்டட வளைவாக எண்ணுதல் கூடாது. கட்டடம் அசையாது, பாதமோ ஒவ்வோர் அடியிலும் வடிவம் மாறுகின்றது. தரையில் ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை ஏற்கின்றது. தரையை உந்தும்போது உயர்ந்து விறைப்பாகின்றது. ஆகவே இதற்கு வில்லே ஏற்ற உவமை. எலும்புகள் வில்லின் தண்டு. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் பரந்து செல்லும் உறுதியான திசுப்பட்டை அதன் நாண். பெருவிரலை மேல்நோக்கி மடக்கினால் அப்பட்டை முன்பாதத்தைச் சுற்றி இழுபடும். நாண் இறுகியதும் வில்லின் இரு முனைகளும் நெருங்கி வளைவு உயரும். இவ்வியக்கத்தை ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார். அமர்ந்தபடியே தம் பெருவிரலைக் கையால் உயர்த்தி, வளைவு எழுவதை எவரும் காணலாம்.

வில்லைத் தாங்குவன மூன்று: எலும்புகளின் வடிவம், பிணைநார்களும் திசுப்பட்டையும், தசைகள். இவற்றுள் முதலிரண்டையும் நம் விருப்பத்தால் மாற்ற இயலாது, தசையைப் பயிற்றலாம். பாதத்தைத் தாங்கும் தசைகள் இருவகை. கெண்டைக்காலில் தோன்றிக் கணுக்காலைக் கடந்து பாதத்தில் வந்து சேரும் நெடுந்தசைகள் ஒருவகை. இவற்றுள் பெருவிரல் பக்கக் கணுவின் பின்னே இறங்கி வரும் தசையொன்று வளைவைத் தாங்குவதில் முதன்மையானது. பாதத்திற்குள்ளேயே தோன்றி அதற்குள்ளேயே முடியும் குறுந்தசைகள் மற்றொரு வகை. இவை உள்ளங்காலில் நான்கு அடுக்குகளாக அமைந்துள்ளன. முதுகுத்தண்டை வயிற்றின் ஆழ்தசைகள் நிலைநிறுத்துவதைப் போலவே இக்குறுந்தசைகள் பாதத்தை நிலைநிறுத்துகின்றன என்னும் கருத்தை மெக்கியானும் அவர்தம் உடனாய்வாளரும் 2015இல் முன்வைத்தனர். பயிற்சிமுறைகளை விளக்குவதற்கு இக்கருத்து இன்று பெரிதும் துணைசெய்கின்றது.

3. தட்டையான பாதமெல்லாம் நோயன்று

குழந்தைகளின் பாதம் இயல்பாகவே தட்டையாகத் தோன்றும். கொழுப்புத் திரட்சி வளைவை நிரப்பியிருக்கும், பிணைநார்கள் இளகியிருக்கும். வளர வளர, முதற்பத்தாண்டுக் காலத்தில், வளைவு உருவாகும். சிலர்க்கு அது தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றது. குடும்பவழியாகவும் இவ்வமைப்பு வருவதுண்டு.

இளையர்க்கு முதலில் அறிய வேண்டியது, தம் பாதம் நெகிழ்வுடையதா, விறைத்ததா என்பதே. அமர்ந்திருக்கும்போது வளைவு தோன்றி, நிற்கும்போது மறைந்து, நுனிக்காலில் எழும்பும்போது மீண்டும் தோன்றினால் அது நெகிழ்தட்டைப் பாதம். எந்நிலையிலும் வளைவு தோன்றாவிடில் அது விறைதட்டைப் பாதம். விறைப்பிற்கு எலும்புகள் ஒன்றோடொன்று பிறவியிலேயே இணைந்திருப்பது போன்ற காரணங்கள் இருக்கக்கூடும். அதனை மருத்துவரே ஆராய்தல் வேண்டும். இவ்வுரையில் இனி நாம் பேசுவது நெகிழ்தட்டைப் பாதத்தைப் பற்றியே.

படைவீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் இங்குத் தெளிவு தருகின்றன. ஹாரிஸ், பீத் ஆகிய இருவரும் கனடியப் படையினர் ஏறத்தாழ 3600 பேரின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் அறிக்கை வெளியிட்டனர். நெகிழ்தட்டைப் பாதம் பெரும்பாலும் இயல்பான வேறுபாடே. தொல்லை தருவது, அதனோடு குதிகால் நாணும் குறுகியிருக்கும் நிலையே என்று அவர்கள் தம் ஆய்வுகளில் வேறுபடுத்திக் காட்டினர். கோவனும் பிறரும் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியாளர் 246 பேரைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், மிகத் தட்டையான பாதமுடையோர்க்கே பயிற்சிக் காயங்கள் குறைவாக இருந்தன. தட்டைப் பாதம் உடையவர் ஓட இயலாது என்னும் பொதுநம்பிக்கையை இவ்வாய்வு ஏற்கவில்லை.

காலணியின் பங்கையும் குறிப்பிடல் வேண்டும். இந்தியாவைச் சேர்ந்த ராவ், ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2300 சிறாரின் பாதத்தடங்களை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் 8.6 விழுக்காட்டினர்க்கும் அணியாதோரில் 2.8 விழுக்காட்டினர்க்கும் தட்டைப் பாதம் இருந்தது. முன்புறம் மூடிய காலணி அணிந்தோரிடையே அது மிகுதி. இளமையில் வெறுங்காலோடு நடத்தல் பாதத்தின் தசைகளுக்கு வேலை தருகின்றது என்று இதனைப் பொருள்கொள்ளலாம்.

இவ்விடத்தில் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. 'தட்டைப் பாதம்' என்பது வடிவத்தைச் சொல்லும் பெயர். 'தட்டைப் பாத நோய்', 'பாதக் குறைபாடு' என்று நாமே சேர்த்துச் சொல்லும்போது, வலியே இல்லாத இளையர் ஒருவரையும் நோயாளி ஆக்கிவிடுகின்றோம். வடிவம் வேறு, வலி வேறு. வலியோ விரைவில் சோர்வோ இல்லாதவர்க்குச் சிகிச்சை தேவையில்லை. சிகிச்சையின் நோக்கமும் வளைவை அழகுற எழுப்புவதன்று. வலியின்றி நடக்கவும் நிற்கவும் ஓடவும் வல்ல பாதத்தைப் பெறுவதே அதன் நோக்கம்.

4. பயிற்சியும் வினைச்சொற்களும்

தட்டைப் பாதத்திற்கென வழங்கும் பயிற்சிகளுள் தலையாயது பாதம் குறுக்கும் பயிற்சி. இதனைப் பரப்பியவர்களுள் செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா குறிப்பிடத்தக்கவர். செய்முறை வருமாறு.

நாற்காலியில் நிமிர்ந்து அமர்க. முழங்கால் செங்கோணத்தில் இருக்க, பாதம் முழுவதும் தரையில் படியட்டும். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி ஆகிய மூன்று புள்ளிகளும் தரையை விட்டு எழலாகாது. விரல்கள் நீண்டும் தளர்ந்தும் இருக்கட்டும். இப்போது பெருவிரலின் அடியைக் குதிகாலை நோக்கி இழுக்க. பாதம் நீளத்தில் சற்றே குறுகும். பெருவிரல் பக்க வளைவு எழும். 5 விநாடி அந்நிலையில் நிறுத்திப் பின் தளர்த்துக. இவ்வாறு 10 முறை செய்க. அமர்ந்து செய்வது எளிதானபின் இரு காலில் நின்றும், அதன்பின் ஒற்றைக்காலில் நின்றும் செய்க.

இப்பயிற்சியைக் கற்போரிற் பலர் ஒரே வகையில் தவறுகின்றனர்: பாதத்தைக் குறுக்குவதற்குப் பதிலாக விரல்களை மடக்குகின்றனர். விரல்கள் நகத்தால் தரையைப் பற்றுவதுபோல் சுருண்டுகொள்ளும். வளைவும் எழுந்ததுபோல் தோன்றும். ஆனால் அங்கே பெரிதும் உழைப்பவை விரல்களை மடக்கும் தசைகளே. கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விரண்டு அசைவுகளையும் ஒப்பிட்டது. பெருவிரலை விலக்கும் குறுந்தசை, விரல் சுருட்டும் பயிற்சியைவிடப் பாதம் குறுக்கும் பயிற்சியில் மிகுதியாக இயங்கியதை அது காட்டியது. வளைவைத் தாங்கும் குறுந்தசைகளுள் அத்தசை முதன்மையானது. ஆகவே 'மடக்கு', 'குறுக்கு' என்னும் இரு வினைகளுக்கிடையிலான வேறுபாடு, பயிற்சி பயன்படுவதற்கும் பயன்படாமைக்கும் இடையிலான வேறுபாடாகின்றது.

தமிழ் இத்தகைய அசைவுகளைச் சொல்வதில் வளமுடையது. சுருட்டுதல், மடக்குதல், வளைத்தல், குறுக்குதல், ஒடுக்குதல், விரித்தல், நீட்டுதல், ஊன்றுதல், அழுத்துதல், உந்துதல், எக்குதல் என ஒவ்வொன்றும் தனித்த அசைவைச் சுட்டும். இவற்றையெல்லாம் விடுத்து 'பாதத்தை டைட் செய்யுங்கள்' என்று பொதுப்படக் கூறினால், கேட்பவர் எந்தத் தசையையும் இறுக்கக்கூடும். குறிப்பான வினை குறிப்பான தசையை எழுப்பும்.

அடுத்தது விரல் பிரித்தாளும் பயிற்சி. நான்கு விரல்களும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் உயர்த்துக. பின்னர்ப் பெருவிரல் தரையில் இருக்க மற்ற நான்கையும் உயர்த்துக. பின்னர் ஐந்தையும் விசிறிபோல் விரிக்க. தொடக்கத்தில் பெருவிரல் கட்டளைக்குப் பணியாது. கையால் பிடித்து வழிகாட்டி, சில நாள் முயன்றபின் அது பழகும்.

மூன்றாவது குதிகால் உயர்த்தும் பயிற்சி. சுவரில் விரல்நுனிகளை ஊன்றி நின்று, இரு குதிகாலுக்கும் இடையே சிறு பந்தொன்றை இடுக்கிக்கொண்டு, மெல்ல எழும்பி மெல்ல இறங்குக. பந்தை இடுக்குவதால் பெருவிரல் பக்கக் கணுவின் பின்னே செல்லும் நெடுந்தசை கூடுதலாக உழைக்கும். இறங்குவது எழுவதினும் மெதுவாக இருத்தல் நன்று. 10 முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக.

நான்காவது கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி. கணுக்கால் போதிய அளவு மடங்காதபோது, நடக்கையில் உடல் முன்செல்வதற்காகப் பாதத்தின் நடுப்பகுதி வளைந்துகொடுக்கின்றது. வளைவு மேலும் தாழ்கின்றது. குறுகிய குதிகால் நாணை ஹாரிசும் பீத்தும் ஏன் தனித்துக் குறிப்பிட்டனர் என்பது இதனால் விளங்கும். சுவரை நோக்கி நின்று, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் எழாமல் முன்சாய்ந்து 30 விநாடி நிற்க. முழங்காலை நீட்டி ஒருமுறையும் சற்று மடக்கி ஒருமுறையும் செய்க. பின்காலின் விரல்கள் சுவரை நேரே நோக்கட்டும். பாதம் வெளிப்புறம் திரும்பி, பெருவிரல் பக்கம் சரிந்துவிட்டால், நீள வேண்டிய தசை நீளாமல் தாங்க வேண்டிய வளைவே தாழ்ந்துபோகும்.

பலனை அளவோடு எதிர்பார்த்தல் நலம். பெருவிரல் பக்கத்தில், கணுவிற்குச் சற்று முன்னே, படகெலும்பு உள்ளது. இலத்தீன் மொழியில் 'சிறுபடகு' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து அதன் மருத்துவப் பெயர் பிறந்தது. அமர்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் அதன் உயரத்தை அளந்து, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கின்றது என்று காண்பது வழக்கம். 10 மில்லிமீட்டரைக் கடந்தால் அதனை மிகை எனப் பொதுவாகக் கொள்வர். மல்லிகனும் குக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் பாதம் குறுக்கும் பயிற்சி செய்தோர்க்கு இத்தாழ்வு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறைந்தது, நிலைபேறும் மேம்பட்டது. 2 மில்லிமீட்டர் கண்ணாடியில் தெரியும் மாற்றமன்று. பயிற்சியால் எலும்பின் வடிவம் மாறுவதில்லை. ஆனால் தசை வலுப்பெறுவதையும் நிற்கும் திறன் கூடுவதையும் உடல் உணரும். நான்கு முதல் எட்டு வாரம் வரை நாள்தோறும் செய்தபின்னரே பயன் குறித்து முடிவு கூறலாம்.

5. கைமுறைச் சிகிச்சை

சிகிச்சையாளர் தம் கைகளால் தசையையும் மூட்டையும் இயக்குவது கைமுறைச் சிகிச்சை. நம் வீடுகளில் இதன் உறவுமுறைகள் நெடுங்காலமாக உள. சுளுக்கு வழித்தல், காலைப் பிடித்துவிடுதல், எண்ணெய் தடவி நீவுதல் ஆகியவற்றை அறியாதார் இலர். இங்கும் தமிழின் வினைகள் நுணுக்கமானவை. வருடுதல் மென்மையானது, தடவுதல் பரப்பின் மேல் செல்வது, நீவுதல் சற்றே அழுத்தத்தோடு ஒரே திசையில் நீள்வது, உருவுதல் பற்றிக்கொண்டு இழுத்துச் செல்வது, பிசைதல் தசையைத் திரட்டி அமுக்கி விடுவது, நெட்டி முறித்தல் மூட்டைத் திடீரென அசைத்து ஒலியெழுப்புவது. அழுத்தம், திசை, விரைவு ஆகிய மூன்றாலும் இவை வேறுபடுகின்றன.

இயன்முறைச் சிகிச்சையிலும் இத்தகைய தரவரிசை உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட், மூட்டை அசைக்கும் முறையை நான்கு தரங்களாகப் பிரித்தார். அசைவின் அளவும், மூட்டின் இயக்க எல்லையில் அது எங்கே நிகழ்கின்றது என்பதும் அப்பிரிவிற்கு அடிப்படை. இவற்றிற்கு அப்பால் விரைந்து உந்தும் முறை ஐந்தாம் தரமாகக் கொள்ளப்படுகின்றது.

தட்டைப் பாதத்தில் சிகிச்சையாளர் பொதுவாக மூன்று செயல்களைச் செய்வர். ஒன்று, இறுகிய கெண்டைக்கால் தசையையும் உள்ளங்கால் திசுப்பட்டையையும் நீவியும் பிசைந்தும் தளர்த்துதல். இரண்டு, கணுக்கால் மூட்டின் எலும்பைப் பின்னோக்கி மெல்ல நகர்த்தி, மூட்டு மடங்கும் அளவைக் கூட்டுதல். மூன்று, குதிகாலின் மேலும் பாதத்தின் நடுவிலும் உள்ள சிறு மூட்டுகளை அசைத்து, விறைப்பை நீக்குதல். இவற்றால் வலி குறைவதும் கணுக்கால் கூடுதலாக மடங்குவதும் உண்டு. ஆனால் தளர்ந்த தசை தானாக வலுப்பெறாது. கூடிய அசைவைப் பயன்படுத்தும் பயிற்சி தொடரவில்லையெனில் பழைய இறுக்கம் திரும்பும்.

இலக்கண மாணவர்க்கு இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தளர்ந்தது – தளர்த்தினார், மடங்கியது – மடக்கினார், குறுகியது – குறுக்கினார் எனத் தமிழில் தன்வினையும் பிறவினையும் இணைகளாக வருதலை நாம் அறிவோம். கைமுறைச் சிகிச்சையில் எழுவாய் சிகிச்சையாளர்; நம் பாதம் செயப்படுபொருள். பயிற்சியில் எழுவாய் நாமே. முதலாவது, பூட்டிக் கிடக்கும் கதவைத் திறந்துவைக்கின்றது. இரண்டாவதே அதன்வழி நடக்கின்றது. 'எனக்குச் சரிசெய்துவிடுங்கள்' என்று வரும் இளையர், 'நான் செய்கிறேன்' என்று சொல்லும் நிலைக்கு வருவதே இச்சிகிச்சையின் வெற்றி எனலாம்.

6. எல்லைகள்

சில அறிகுறிகள் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்: ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாதல், பெருவிரல் பக்கக் கணுவின் பின்னே வீக்கமும் வலியும், ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்த இயலாமை, ஓய்விலும் இரவிலும் நீங்காத வலி, மரத்துப்போதல், அடிபட்டபின் ஊன்றி நிற்க முடியாமை, எந்நிலையிலும் வளைவு தோன்றாத விறைப்பு. இந்நிலைகளில் வீட்டில் நீவுவதும் நெட்டி முறிப்பதும் தகா. சிங்கப்பூரில் இயன்முறைச் சிகிச்சையாளர் சட்டப்படி பதிவுபெற்றே தொழில் புரிகின்றனர். அத்தகையோரை அணுகுவதே முறை.

காலணியினுள் வைக்கும் தாங்குதட்டு குறித்தும் பலர் வினவுகின்றனர். அது வலியைக் குறைக்கலாம். அணிந்திருக்கும்போது பாதத்தைத் தாங்கலாம். ஆனால் வளைவை உருவாக்கித் தரும் என்பதற்குச் சான்றில்லை. வெங்கரும் உடனாய்வாளரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நெகிழ்தட்டைப் பாதமுடைய சிறார்க்கு மூன்றாண்டுக் காலம் சிறப்புக் காலணியும் தாங்குதட்டும் தந்தும், அவற்றை அணியாத சிறாரின் வளர்ச்சியிலிருந்து வேறுபாடு காணப்படவில்லை. வலியில்லாத பிள்ளைக்காக விலையுயர்ந்த காலணி வாங்குமுன் பெற்றோர் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

7. வகுப்பறையில் செய்யத்தக்கன

தமிழாசிரியர் இப்பொருளை ஒரு பாடவேளையில் பயன்படுத்தலாம். மாணவர் நனைந்த பாதத்தைப் பழுப்புத்தாளில் பதித்துத் தடத்தை வரைந்துகொள்ளட்டும். அதில் குதிகால், முன்பாதம், பெருவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம் ஆகியவற்றைத் தமிழில் குறிக்கட்டும். பின்னர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கையசைவு காட்டாமல் சொற்களால் மட்டுமே பாதம் குறுக்கும் பயிற்சியைச் சொல்ல, மற்றவர் கேட்டுச் செய்யட்டும். விரல்கள் மடங்கினால் எச்சொல் அதற்குக் காரணமாயிற்று என்று வகுப்பு ஆராயட்டும். ஏவல் வினையும் எதிர்மறையும் இடப்பெயர்களும் இங்கே பயிற்சிநூலின் வெற்றிடங்களை நிரப்பும் வேலையை விட்டு, ஓர் உடலை இயக்கும் வேலையைச் செய்யும். யாருடைய தடம் தட்டையாயினும் அது நகைக்குரியதன்று என்பதையும் ஆசிரியர் முன்னரே கூறிவிடல் வேண்டும்.

இப்பயிற்சியின் பயன் வகுப்போடு முடிவதில்லை. மருத்துவமனைக்குத் தாத்தாவையோ பாட்டியையோ அழைத்துச் செல்லும் பேரப்பிள்ளைகள் இங்கே பலர். 'கால் வலிக்கிறதாம்' என்று மட்டும் மொழிபெயர்ப்பதற்கும், 'காலையில் எழுந்ததும் குதிகாலின் அடியில் வலிக்கிறதாம். கொஞ்சம் நடந்தால் குறைகிறதாம்' என்று மொழிபெயர்ப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. பின்னது மருத்துவரின் முடிவையே மாற்றக்கூடும். அதுபோலவே, சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் சொன்ன பயிற்சியை வீட்டிற்கு வந்து பாட்டிக்குத் தமிழில் சொல்லித்தரும் பேரனுக்கு 'குறுக்கு', 'மடக்கு' என்னும் இரு சொற்களும் கைவசம் இருத்தல் வேண்டும். அவற்றைக் கற்றுத்தரும் இடம் தமிழ் வகுப்பு. நாளைய பாடத்திலேயே ஒரு பழுப்புத்தாளோடு இதனைத் தொடங்கலாம்.